இருப்புக் கணக்கில் வராத சொத்து

கொடைக்கானல் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மார்ச் மாதம் முடிந்தால் கடை, விடுதி, கூட்டுறவுச் சங்கம் என்று எல்லா இடத்திலும் இருப்பு எடுப்போம். கட்டில் இத்தனை, மெத்தை இத்தனை, தராசு, ஜெனரேட்டர், கம்ப்யூட்டர் இரண்டு, பிரிண்டர் ஒன்று. அந்தக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் வாடிக்கையாளர் விவரமும் பல வருடக் கொள்முதல் கணக்கும் அந்தப் பட்டியலில் ஏறுவதே இல்லை. கம்ப்யூட்டர் பழுதானால் மதுரைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்துவிடலாம். உள்ளே இருந்த கணக்கை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

தகவலைச் சொத்தாக மதித்துக் காப்பது எப்படி என்று பார்க்க வெளியூர் போக வேண்டாம், நம் சூரிய ஆய்வகமே போதும். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. அந்தக் கேள்வியின் பின்னணியில்தான் 1899-இல் இந்த மலையில் ஆய்வகம் வந்தது. 1904 முதல், மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில், பின்னாளில் பிலிமில், இப்போது டிஜிட்டல் கேமராவில். சூரியன் மேல் கருப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கண்டறிந்தார். புகழ் அவருக்குப் போனது, போகட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அவர் 1923-இல் ஓய்வு பெற்றார். ஆட்சி மாறியது. ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 1971-இல் தனி அமைப்பானது. காலையில் சூரியனைப் படம் பிடிக்கிற வேலை மட்டும் கைமாறிக் கைமாறித் தொடர்ந்தது.

சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் ஒரு சுழற்சிக்கு ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகும். முப்பது வருடம் பணி செய்தவர்கூட மூன்று சுழற்சியைத்தான் பார்த்திருப்பார். ஆய்வகத்தின் அலமாரியில் பத்துச் சுழற்சி இருக்கிறது.

சேர்த்து வைத்ததோடு முடிந்ததா என்றால், இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி என்ற குறிப்பு இல்லாத தகடு வெறும் வட்டம்தான். நேரம் தெரிந்தால்தான் படத்தில் சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்று கணக்கிடலாம். அந்தப் பழைய தகடுகள் இன்று 4096-க்கு 4096 பிக்ஸல் கொண்ட டிஜிட்டல் படங்களாகி, உலகமெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. தகடு எடுத்தவர்கள் கம்ப்யூட்டரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். கூடவே குறிப்பும் எழுதி வைத்தார்களே, அதுதான் காரியம்.

இப்போது நம் கதைக்கு வருவோம். பூம்பாறையில் பூண்டு கொள்முதல் செய்யும் ஒரு குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸெலில் 'முருகன் 40' என்று ஒரு வரி. எந்த முருகன்? நாற்பது கிலோவா, மூட்டையா? எழுதிய பையன் பக்கத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போன மறுவாரம் தெரியும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று காட்டத் தெரியாவிட்டால், வடுகபட்டிச் சந்தையில் அதுவும் ஒரு பூண்டு, அவ்வளவுதான்.

பல சங்கங்களில் தகவல் முழுக்க ஒரே ஒருவரின் செல்போனில் இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் நுழைய வேண்டும். ஓடிபி போவதோ எப்போதோ வேலையை விட்டுப் போன கணக்கரின் எண்ணுக்கு. அவருக்குப் போன் போட்டு, "அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க" என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. மின்னஞ்சலும் செல் எண்ணும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரியட்டும். எந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்று தீர்மானப் புத்தகத்தில் பெயர் போட்டு எழுதுங்கள்.

பிரதி எடுப்பதற்கு எங்கும் ஒரே விதி: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். நம் மலையில் அந்த மூன்றாவது மிக முக்கியம். ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் போகும், நெட்டும் போகும். காகிதத்தில் வைத்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு பிரதி வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பிரதி எடுக்கிறவர்கள் உண்டு, திறந்து பார்க்கிறவர்கள்தான் குறைவு. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மென்பொருள் வாங்குவது இவ்வளவுக்கும் பிறகு. விற்க வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் சந்தாவை நிறுத்தினால், என் விவரம் முழுவதையும் எக்ஸெலாக எடுத்துக்கொண்டு போக முடியுமா?" பதிலை இழுத்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, விடுதி நடத்துகிறவர்களுக்கு. உங்களிடம் இருப்பது எல்லாமே உங்கள் சொத்து இல்லை. விருந்தாளியின் ஆதார் நகல் அவருடையது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. வரவேற்பறைப் பையனின் சொந்தப் போனில் அடையாள அட்டைகளைப் படம் பிடிக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த நகல்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டால், ஏரிக்கரையில் யாரோ ஒருவருடைய மிளகாய் பஜ்ஜி அதில்தான் மடித்து வரும்.

நன்றி, வணக்கம்.