நாத்திகன் கையில் நற்செய்தி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வேதக் கதையைப் படமாக்க நாத்திகனுக்குத் தகுதி உண்டா? உண்டு என்கிற அணி எங்களுடையது. சாட்சிக்கு ஒரே ஒரு படம் போதும்: இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964-இல் எடுத்த 'மத்தேயு நற்செய்தி'.

எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "கும்பிடத் தெரியாதவனுக்குத் தேர்வடம் எதற்கு?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கையோடு இதையும் கேளுங்கள்.

1962 அக்டோபர் 4. அசிசி நகருக்குப் போப் 23-ஆம் யோவான் ரயிலில் வருகிறார். ஊர் கொள்ளாத கூட்டம். ஒரு கிறிஸ்தவ அமைப்பின் விருந்தினராக வந்திருந்த பசோலினி அறையிலேயே கிடக்கிறார். யார் அவர்? மார்க்சியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஊரே போப்பைப் பார்க்க ஓடுகிறது, இவர் கட்டிலில் படுத்திருக்கிறார்! பக்கத்தில் ஒரு புத்தகம். கை நீட்டி எடுக்கிறார். என்ன புத்தகம்? நற்செய்தி! மத்தேயுவில் தொடங்கியவர் கீழே வைக்கவில்லை. மாற்கு, லூக்கா, யோவான் என்று நான்கையும் ஒரே மூச்சில் படித்து முடித்தார். ஐயா, ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர்களில் எத்தனை பேர் அப்படிப் படித்திருப்பார்கள்? போப்பைப் பார்க்க வெளியே போகாத அந்த மனிதர், அதே போப்பின் நினைவுக்குத்தான் படத்தைக் காணிக்கையாக்கினார்.

1963-இல் வேறொரு படத்துக்காக, மதத்தை அவமதித்தார் என்று நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 2014-இல் வத்திக்கானின் நாளேடே, இயேசுவைப் பற்றிய படங்களில் மிகச் சிறந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று எழுதியது. வடத்தை அவர் கையில் கொடுத்தது யார், எதிரணித் தலைவரே?

பாலஸ்தீனத்துக்குப் போய்ப் பார்த்தும் மனம் ஒப்பாமல், தென்னித்தாலியின் மத்தேராவில், பாறை குடைந்த வீடுகளுக்கு நடுவே எடுத்தார். நடித்துப் பழகாத எளிய முகங்கள். இயேசுவாக வந்தவர் 19 வயது ஸ்பானிய மாணவர்.

சிலுவையடியில் நிற்கும் முதிய மரியாள் யார் தெரியுமா? பசோலினியைப் பெற்ற சுசன்னா. அவருடைய இளைய மகன் குயிதோ, பாசிசத்தை எதிர்த்துப் போராடப் போனவன், 1945-இல் வேறொரு போராளிப் பிரிவினர் கையாலேயே கொல்லப்பட்டான். அவனுக்கும் வயது 19. அந்தத் தாயை, இன்னொரு 19 வயதுப் பிள்ளை சிலுவையில் தொங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார் மூத்த மகன். அவர் தள்ளாடுகிறார், முகம் கோணி அழுகிறார், சுற்றியிருப்பவர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 11 ஆண்டுகள் கழித்து அந்த மூத்த மகனையும் கொன்றுவிட்டார்கள். அந்தச் சாவையும் அவர் பார்த்தார்.

அந்த அழுகையைப் பதிவு செய்தவனிடம் 'நீ விசுவாசியா' என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. எதிரணிக்கு வருமானால், எழுந்து கேட்கட்டும்.