மரபணு எழுதட்டும், அழற்சி அடித்துவிடும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தமிழ் மொழி விழா மேடையில் வழக்கமாக மாமியாரும் மருமகளும்தான் மோதுவார்கள். இன்று நுரையீரலை இழுத்து வந்திருக்கிறார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலைப் பெரிதும் தீர்மானிப்பது மரபணுவா, அழற்சியா, அதாவது கிருமிக்கு எதிராக உடல் கிளப்பும் எதிர்வினையா என்பது கேள்வி. அழற்சியே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர், நுரையீரலைக் கிளைவிடச் செய்யும் எஃப்ஜிஎஃப்10 மரபணுவைக் காட்டி மிரட்டினார். அது இல்லாத எலிக்குஞ்சுக்கு மூச்சுக்குழாய் உருவாகும், அதற்குக் கீழே நுரையீரலே இராது என்றார். உண்மைதான். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் மரபணுவை நீக்கிய எலி. மரபணு முழுதாக இருக்கும் கருவில் என்ன நடக்கிறது? கிருமியின் வாடை பட்டதும் நோயெதிர்ப்புச் செல்கள் அழற்சியை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தைத் தூண்டுகின்றன. அது அதே எஃப்ஜிஎஃப்10-இன் வெளிப்பாட்டைத் தாழ்த்திவிடுகிறது, கிளைவிட வேண்டிய காற்றுக்குழாய் நின்றுபோகிறது. இதுவும் எலிக்கருவில் கண்டதுதான். மரபணு இருக்கிறது, அதன் குரல்தான் இல்லை. அவருடைய சாட்சியே எங்கள் பக்கம் பேசுகிறது, நடுவர் அவர்களே!

செம்மறியாட்டு ஆய்வுகளையும் பாருங்கள். பனிக்குட நீரில் பாக்டீரியாவின் நச்சைச் செலுத்தினார்கள். குட்டியின் நுரையீரல், அதை ஒட்டிக்கொள்ளாமல் விரியவைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளை முன்னதாகவே சுரந்தது, நன்றாக விரிந்தது. பிறந்ததும் மூச்சு எளிதாக வந்தது. ஆகா, அழற்சி நல்லதுதானே என்று எதிரணி கைதட்டலாம். சற்றுப் பொறுங்கள். காற்று நுண்ணறைகளை எண்ணினால் அவை குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. காற்று மாறுவதற்கான பரப்பு சுருங்கிவிட்டது. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் குறைமாதக் குழந்தைகளிடம் இதையே கண்டது: பனிக்குடச் சவ்வில் அழற்சி இருந்தவர்களுக்குத் தொடக்கத்தில் மூச்சுத்திணறல் குறைவு, பின்னால் நாட்பட்ட நுரையீரல் நோய் அதிகம். அழற்சி அவசரப்படுத்தும், அதற்கு விலையும் வாங்கும். நுரையீரலின் கால அட்டவணையையே மாற்றுகிற ஆற்றலை இதைவிட எப்படிக் காட்டுவது?

சர்ஃபாக்டன்ட் பி புரதத்தின் மரபணு பழுதானால் குழந்தை பிழைப்பது அரிது என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் அது மிக அரிய குறை. அழற்சியோ, மிக முன்கூட்டியே நிகழும் பிரசவங்களில் அடிக்கடி காணப்படுவது.

அவர்களின் உண்மையான பலம் இரட்டையர் ஆய்வு. அதை லேசாக எண்ணமாட்டேன். 2006-இல் வந்த கணக்கு, குறைமாதக் குழந்தைகளின் அந்த நாட்பட்ட நுரையீரல் நோயின் பாதிப்பில் 53 விழுக்காட்டை மரபின் பங்கில் எழுதியது. ஒரே மாதிரி இரட்டையர் ஒன்றுபோல நோயுறுகிறார்கள், மற்ற இரட்டையர் அவ்வளவாக இல்லை என்பதே அதன் அடிப்படை. ஆனால் ஒரே மாதிரி இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியையும் கருவைச் சூழ்ந்த ஒரே வெளிச்சவ்வையும் பகிர்கிறார்கள். மற்ற இரட்டையருக்கு அவை தனித்தனி. கீழிருந்து ஏறும் தொற்று முதலில் முந்தி நிற்கும் குழந்தையின் சவ்வைத்தான் தொடுகிறது. வெளிச்சவ்வு பொதுவென்றால் அந்தத் தொடுதலும் இருவருக்கும் பொதுவாகலாம். ஆக, அந்த 53-இல் எவ்வளவு மரபணு, எவ்வளவு பொதுச் சவ்வு?

எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டிவிட்டு மற்றதைப் பேசட்டும். காத்திருக்கிறேன். நன்றி.