களைப்பு வேறு, பயிற்சி வேறு

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் யாராவது ஓட்டத்துக்கோ, கால்பந்துக்கோ, கூடைப்பந்துக்கோ தினமும் மைதானம் போய்வருகிறார்களா? திரும்பி வந்ததும் "இன்னிக்குப் பயிற்சி எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "எழுந்து நிக்கவே முடியல!" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்கிற நமக்கும் திருப்தி. நன்றாக வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். களைப்பு வேறு, பயிற்சி வேறு. ஒருவரைக் களைக்க வைப்பதற்குப் படிப்பும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம். நிறுத்தாமல் ஓடச் சொன்னால் போதும். ஆனால் இரண்டு மாதம் கழித்து அவர் முன்பைவிட உயரமாகத் தாவுகிறாரா, காயமில்லாமல் ஆடுகிறாரா? பயிற்சியை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு. நடந்த கதை. இரண்டாம் உலகப் போர்க் காலம். சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனை. முழங்காலில் அடிபட்ட வீரர்கள் நிறைந்து கிடக்கிறார்கள். தேறி வீடு திரும்ப மாதக்கணக்காகிறது. அவர்களுக்கு அன்றைய வழக்கப்படி லேசான எடையைக் கொடுத்து, சோர்ந்துபோகும்வரை பல தடவை காலை நீட்டி மடக்கச் சொல்வார்கள். அங்கே தாமஸ் டிலோர்ம் என்று ஓர் இளம் மருத்துவர். சிறு வயதில், இதயத்தைப் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலில் படுத்தவர். பிறகு எடை தூக்கித்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டார். தனக்குப் பலித்தது இவர்களுக்கும் பலிக்காதா என்று யோசித்தார். தூக்க முடிகிற அளவுக்குக் கனமான எடை, குறைவான தடவைகள், பலம் கூடக் கூட எடையையும் கூட்டுவது. அறுவை சிகிச்சை முடிந்த முழங்காலுக்கா இவ்வளவு எடை என்று அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும், நினைத்துப் பாருங்கள்! ஆனால் வற்றிப்போன தொடைத் தசை திரும்பி வந்தது, பலமும் வந்தது. 1945இல் அதை மருத்துவ இதழில் எழுதினார்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. முதலில் அவர் ஏழு முதல் பத்து செட் வரை, அதாவது நடுநடுவே ஓய்வெடுத்து அத்தனை சுற்று, செய்யச் சொன்னார். 1948இல் வாட்கின்ஸ் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து எழுதும்போது, அதை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார். பத்துத் தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எதுவோ, அதில் பாதியால் முதல் செட், முக்காலால் இரண்டாவது, முழு எடையால் மூன்றாவது. அவ்வளவுதான். அதற்கு மேல் செய்வதில் பெரிய லாபமில்லை என்று கண்டுகொண்டார். கனத்தைக் கூட்டினார், களைப்பைக் குறைத்தார்!

"எடை தூக்கினால் உடம்பு கனத்துவிடும், வேகம் போய்விடும்" என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு தசை பருப்பதால் வருவதில்லை. இருக்கிற தசையை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருகிறது. முழு வேகத்தில் ஓடுகிறவரின் கால் தரையில் படுவது ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையை அந்த ஒற்றைக் கால் தாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். பலமில்லாத காலுக்கு அந்த வேகம் எங்கிருந்து வரும்? பலத்தோடு, தாவுதல், குதித்தல் போன்ற வெடிப்பான அசைவுகளையும் சேர்த்துப் பழக வேண்டும், அதுவும் புத்துணர்வோடு இருக்கும்போது. களைத்துப்போன கால் மெதுவாகக் குதிக்கத்தான் பழகும்.

சாதனம் எதுவும் தேவைப்படாத ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். மண்டியிட்டு நில்லுங்கள். பின்னால் ஒருவர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை மெது… மெதுவாக முன்னால் சாய விடுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். தொடையின் பின்பக்கம் என்ன வேலை செய்கிறது என்று உடனே தெரியும். ஓடும்போது 'சுரீர்' என்று பிடித்துக்கொள்கிற ஹாம்ஸ்ட்ரிங் தசை அதுதான். டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பத்து வாரம் இதைக் கொடுத்தார்கள். 2011இல் முடிவு வந்தது. செய்யாத அணிகளில் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள், செய்தவற்றில் 15. முதல் வாரம் தசை நன்றாக வலிக்கும், அதனால் இரண்டே செட், ஐந்தைந்து தடவையோடு தொடங்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஓய்வைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியின்போது பலம் கூடுவதில்லை, பயிற்சிக்குப் பிறகு தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான் உடம்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கடினமான இரண்டு நாட்களுக்கு நடுவே ஓர் இலகுவான நாள் இருக்கட்டும். பிள்ளைகள் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். பக்கத்தில் தெரிந்த பயிற்சியாளர் நிற்க வேண்டும், முதலில் வெறும் உடம்போடு உட்கார்ந்து எழுவதைச் சரியாகச் செய்யப் பழக வேண்டும், எடை அதற்குப் பிறகு. நன்றி, வணக்கம்.