வீட்டுக்கு நான்கு கணக்கு, ஒரு டிக்கெட்டுக்கும் எட்டாத மைல்கள்

வணக்கம் நண்பர்களே, மெல்பர்னிலிருந்து பேசுகிறேன். இன்று ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை. பறக்கும்போது கணக்கில் சேரும் மைல்களைக் கொடுத்துப் பின்னால் டிக்கெட் எடுக்கலாம் என்கிற விமான நிறுவனங்களின் மைலேஜ் திட்டங்கள், எங்களைப் போல ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சென்னைக்கு வந்து திரும்புகிறவர்களுக்கு எப்படி அமைந்தால் உண்மையிலேயே பயன்படும் என்பதைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

திரையில் நீங்கள் பார்ப்பது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் உறுப்பினர் பக்கத்திலிருந்து நான் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட். என் கணக்கில் 11,840 மைல்கள், மனைவியின் கணக்கில் 11,840, மகளுக்கும் அதே 11,840. மகன் முதல் பயணத்தில் மடிக்குழந்தையாக வந்ததால் அதற்கு மைல் கிடையாது. ஆகவே அவனுக்கு 5,920. கூட்டினால் 41,440. மெல்பர்னிலிருந்து சென்னைக்கு ஒருவழி எக்கானமி டிக்கெட்டுக்கு அப்போது முப்பதாயிரத்துச் சொச்சம் மைல்கள் கேட்டார்கள். குடும்பமாகக் கணக்கிட்டால் ஒரு டிக்கெட் எடுத்து மிச்சமும் வைத்திருக்கலாம். தனித்தனியாகப் பார்த்ததால் நால்வரில் ஒருவருக்கும் எட்டவில்லை. 3 ஆண்டுக் கெடு முடிந்ததும் முதல் பயணத்தின் மைல்கள் சத்தமில்லாமல் காலாவதியாகிவிட்டன.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் ஏ-அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் மனத்தில் இருந்தவர், அலுவலக வேலையாக அடிக்கடி பறக்கும் ஒற்றைப் பயணி. ஒருவருக்கு ஒரு கணக்கு என்ற அமைப்பு அவருக்குச் சரியாகப் பொருந்தியது. பிற்காலத்தில் டெல்டா, யுனைடெட் என்ற மற்ற இரு அமெரிக்க விமான நிறுவனங்களும் 2015இல், பறந்த தூரத்தை விட்டுவிட்டு, செலவழித்த பணத்தை வைத்து மைல்களைக் கணக்கிடத் தொடங்கின. வங்கிகள் தங்கள் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்காக மைல்களைக் காசு கொடுத்து வாங்குகின்றன. அதனால் இந்தத் திட்டங்களே அடகு வைக்கத்தக்க சொத்தாகிவிட்டன. கோவிட் முடக்கத்தின்போது, 2020இல், யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடு வைத்து 680 கோடி டாலரும், டெல்டா தன் ஸ்கைமைல்ஸ் திட்டத்தை ஈடு வைத்து 900 கோடி டாலரும் திரட்டின. அடகுக் கடையில் இவ்வளவு விலை போகிற பொருளை, பயணிக்கு இனாமாகக் கொடுப்பது போல அவர்கள் பேசும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

என்னுடைய முதல் யோசனை, குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரே கணக்கு. இது புதிதல்ல. யுனைடெட் 2024 மார்ச்சில், 5 பேர் வரை தங்கள் மைல்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸின் குடும்பக் கணக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்தது. ஆனால் அதில் நீண்ட காலமாக, எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இந்த நிபந்தனைதான் நம் வீடுகளுக்கு ஒத்து வராது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க என் அம்மா இங்கே வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய முகவரி கும்பகோணம். அவர்கள் இன்னொரு முறை வருவார்களா என்பது முழங்கால் வலியைப் பொறுத்தது. அந்த மைல்களைப் பேரன் பெயருக்கு மாற்ற வழி இல்லாவிட்டால் அவை யாருக்கும் பயன்படாது. மைல்களை விற்பனை செய்யும் தரகர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று நிறுவனங்கள் அஞ்சுவது நியாயமே. அதற்கு ஆள் எண்ணிக்கையில் வரம்பு வைக்கலாம், ஒருமுறை சேர்த்தவரை ஓராண்டுக்கு மாற்றக் கூடாது என்று விதிக்கலாம். முகவரியைக் கேட்பதைவிட உறவைக் கேட்பது பொருத்தமாக இருக்கும். பொதுக் கணக்கிலிருந்து எடுக்கும்போது, யாருடைய மைல்கள் முதலில் காலாவதியாகுமோ அவற்றை முதலில் கழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது காலக்கெடு. டெல்டா 2011இலும் யுனைடெட் 2019இலும் காலாவதியையே நீக்கிவிட்டன. ஆஸ்திரேலிய நிறுவனமான குவான்டாஸில் 18 மாதம் கணக்கில் எந்த நடவடிக்கையும் இல்லாமல் இருந்தால்தான் பாயிண்டுகள் (அங்கே மைல்களுக்கு அதுதான் பெயர்) போகும். இடையில் ஏதாவது சிறிது சேர்த்தாலோ செலவழித்தாலோ கெடு புதிதாகத் தொடங்கும். பயன்படுத்தப்படாத மைல்கள் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் கொடுக்க வேண்டிய கடனாகவே நிற்கின்றன என்பதால் அவற்றுக்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆயினும் அடுத்த பயணத்துக்கு அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுத்து, பணமும் செலுத்திவிட்ட ஒருவரின் பழைய மைல்களை, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அழிப்பது என்ன வணிகம் என்று தெரியவில்லை.

மூன்றாவது, நம் பெயர்கள். சிரிக்காதீர்கள், இது பெரிய தொல்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. மனைவியின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. டிராவல் ஏஜென்ட் அவள் பெயரையே இரண்டு முறை அடித்து டிக்கெட் போட்டார். மைலேஜ் கணக்கிலோ அவள் தன் அப்பாவின் பெயரைக் கொடுத்திருந்தாள். பெயர் பொருந்தவில்லை என்று மைல்கள் ஏறவில்லை. விடுபட்ட மைல்களைக் கேட்கும் படிவத்தில் 13 இலக்க டிக்கெட் எண்ணைப் போட்டாலும் கணினி உடனே நிராகரித்தது. பிறகு போர்டிங் பாஸைக் கேட்டார்கள். கைப்பையின் மருந்துச்சீட்டுகளுக்கு நடுவே இருந்த அந்தத் தாளில் எழுத்தெல்லாம் வெளிறிப் போய், இருக்கை எண்ணின் முதல் இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பித்தான் அவை வந்து சேர்ந்தன. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் எண்ணை எப்படியும் கொடுக்கிறோம். அந்த எண்ணை வைத்து உறுப்பினரை அடையாளம் கண்டால் இனிஷியலோடு வாழும் ஒரு சமூகமே நிம்மதி அடையும்.

டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே, இந்தக் கட்டணத்துக்கு எத்தனை மைல்கள் கிடைக்கும் என்பதை விலைக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலிவான டிக்கெட்டுக்குப் பாதி மைல்தான் என்பது ஊர் வந்து சேர்ந்த பிறகா தெரிய வேண்டும்?

இவற்றை எல்லாம் எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன்; பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. அம்மாவின் கணக்கில் இன்னும் 5,920 மைல்கள் உள்ளன, அடுத்த மார்ச் வரை. அதற்கு என்ன வாங்கலாம் என்று அவர்களுடைய பொருள் பட்டியலில் தேடிப் பார்த்தேன். பெட்டியைத் தூக்கி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று கிடைக்குமாம்.