மூன்று திருட்டு, மூன்று ரசீது

நடுவர் அவர்களே, பெருந்துறைப் பெரியோர்களே, வணக்கம். குற்றப் புள்ளிவிவரம் நாட்டின் கண்ணாடி என்றார்கள் எதிரணியினர். இல்லை என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர், "கணக்கில் தோற்றவர்களுக்குத்தான் புள்ளிவிவரம் கசக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். தோற்கவில்லை ஐயா, பத்தாம் வகுப்பில் 35 எடுத்துத் தேறினேன். ஆனால், ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் வாங்குகிறவர் மூட்டை மேல் எழுதியதை நம்பியா விலை சொல்கிறார்? உள்ளிருந்து ஒரு கிழங்கை எடுத்து, உடைத்து, நிறம் பார்க்கிறாரே, அதைத்தான் நானும் செய்கிறேன்.

என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், தோட்டத்தில் ஓர் இரவு கிணற்று மோட்டாரின் கேபிள் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை கேட்டவருக்கு புகார் வந்தது என்பதற்கு மட்டுமே சான்றான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். அவரோ அதுவே வழக்கு என்று நம்பி, மடித்துப் பத்திரப்படுத்தினார். அடுத்த முறையும் வயர் போயிற்று. அடுத்த ரசீது வந்தது. மூன்றாம் முறை, எழுதுகிறவரே நிமிர்ந்து, "அதே வயருங்களா?" என்று கேட்க, அப்புச்சி பணிவாக, "இல்லீங்க, இது புதுசுங்க, போன மாசந்தான் வாங்குனது" என்றாராம். மூன்று திருட்டு, மூன்று ரசீது, வழக்கு ஒன்றுகூட இல்லை. பிடியாணை இன்றிக் கைது செய்வதற்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, எங்கள் கிணற்று மேடு வரை வந்து சேரவில்லை.

எண்ணப்பட்டது எது தெரியுமா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019இல் 51.56 லட்சமாக இருந்த வழக்குகள், 2020இல் 66.01 லட்சமாயின. திருட்டு குறைந்த ஆண்டு அது! அரசு உத்தரவை மீறியதற்கான, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு வழக்குகள் மட்டும் 29,469இலிருந்து 6,12,179 ஆக ஏறின. ஊரடங்கில் தேநீர் குடிக்க வந்தவர் ஏட்டில் ஏறினார். வயர் திருடியவர் ஏறவில்லை. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று அந்தக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. எதிரணியினர் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை.

அப்புச்சி இப்போது இல்லை. கடைசி ஆண்டுகளில் நாய் குரைத்தால் போதும், டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். அம்மாயி போர்வையோடு பின்னாலேயே போவார். இன்றும் நாய் குரைத்தால் அம்மாயி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். நடுவர் அவர்களே, லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று வகுத்துக் காட்டினார்களே, அந்த வகுத்தலில் கீழே உள்ள மக்கள்தொகையில் என் அம்மாயி இருக்கிறார். மேலே உள்ள குற்றத்தொகையில் அவருடைய வயர் இல்லை.