மறதி வருத்தத்துக்கு நாற்பது வயதிலேயே கவனம்

மட்டக்களப்பு, அம்பாறை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வயதான தாயை கிளினிக்குக்குக் கூட்டி வரும் மகள்மார் அநேகமாக ஒன்றைத்தான் சொல்வார்கள்: "அம்மாவுக்கு இப்ப ஒரு வருசமாத்தான் மறதி, டொக்டர்." அடுப்பில் வைத்த பாலை மறக்கிறா, மாமாங்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது வழி தடுமாறுகிறா. பக்கத்து வீட்டில், வயது போனால் அறளை பெயரும்தானே என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

வெளியே தெரிவது ஒரு வருடம். மூளைக்குள்ளே, மறதியைக் கொண்டுவரும் அல்சைமர் நோய் 15, 20 வருடங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அமிலோயிட் என்ற புரதம் நரம்புக் கலங்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படியும். டவ் என்ற புரதம் கலங்களுக்குள்ளே சிக்குப்படும். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜேர்மன் வைத்தியர் இவற்றை, இறந்த பெண் ஒருவரின் மூளையில் கண்டு விவரித்தார். இப்போது உயிரோடு இருப்பவரின் மூளையிலேயே பெட் ஸ்கேன் என்ற படப் பரிசோதனை மூலம் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்த ஓர் ஆய்வு 2016இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வந்தது. லேசான மறதி உள்ள, 40 முதல் 85 வயது வரையான 44 பேர். உடம்பு எடை அளவாக இருந்தவர்கள், உடம்பை நன்றாக அசைத்தவர்கள், மரக்கறி, பருப்பு, மீன், பழம் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் ஆகியோரின் மூளையில் இந்தப் படிவுகளும் சிக்குகளும் குறைவு. சின்ன ஆய்வுதான், இதனால்தான் அது குறைந்தது என்று நிரூபிக்காது. எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருவது பின்லாந்து. அங்கே 60 முதல் 77 வயது வரையான 1260 பேரில் ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் கண்காணிப்பு என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2 வருடத்தில் அவர்களின் சிந்திக்கும் திறன் மற்றவர்களைவிட மேலாக இருந்தது.

வாவி மீனும் வல்லாரையும் முருங்கைக்கீரையும் கிடைக்கிற ஊர் நம்முடையது. பிரச்சினை, கோப்பை நிறையச் சோறும், சீனி போட்ட தேத்தண்ணி நாலைந்து தரமும், சந்திக் கடைக்கே மோட்டார் சைக்கிளில் போவதும்தான். "வீட்டு வேலையே எக்சசைஸ்தானே" என்று அம்மாமார் கேட்பார்கள். அதுவும் நல்லதுதான். ஆனாலும் மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி நடக்க வேண்டும், கல்லடிப் பாலத்தில் காலையில் கைவீசி நடப்பவர்களைப் போல.

நான் அதிகம் கவலைப்படுவது பிரஷரையும் சீனி வருத்தத்தையும் பற்றித்தான். இரண்டும் மூளைக்குப் போகும் சின்ன இரத்தக் குழாய்களைச் சத்தமில்லாமல் கெடுக்கும். கிளினிக் கொப்பியைத் திறந்தால் இடையில் மூன்று மாதம் ஒன்றுமே இருக்காது. கேட்டால், "சுகமாத்தானே இருந்தன், குளிசையை விட்டுட்டன்" என்பார்கள். நாற்பதில் விடுகிற அந்தக் குளிசைக்கு எழுபதில் விலை கொடுக்க நேரலாம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் இந்த நோய் வரலாம். அதனால் வந்தவரைத் தயவுசெய்து குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்று, காது. லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் டிமென்ஷியாவுக்கு, அதாவது மறதி வருத்தத்துக்கு, மாற்றக்கூடிய காரணிகள் 14 என்று சொன்னது; காது கேளாமை அதில் முக்கியமானது. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கலியாண வீட்டில் யாரோடும் கதைக்காமல் ஓரமாக இருந்தால், கோபித்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் காதைக் காட்டுங்கள். சிலருக்கு வெறும் காதுக் குறும்பிதான் அடைத்திருக்கும்; எடுத்துவிட்டால் சரி. மற்றவர்களுக்குக் கருவி தேவைப்படும், அதைப் போட்டுப் பழகச் சில கிழமை எடுக்கும். அதுவரை பிள்ளைகள் பக்கத்தில் இருந்து, முகம் பார்த்து, ஆறுதலாகக் கதையுங்கள்.