தலைவருக்குப் போன அரசுப் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்காரு: "நாட்டோட தலைவருக்கே அரசுப் பணம் முறையில்லாம போயிருந்தா, அதைத் திரும்ப வாங்க சட்டம் இருக்கா சார்? இல்ல, அதுக்குன்னு புதுசா ஒரு சட்டம் போடணுமா?"

இதைப் பொதுவா பேசினா பிடி கிடைக்காது. தென்னாப்பிரிக்காவுல ஜேக்கப் ஜூமா விஷயத்தை எடுத்துக்குவோம். ஏன்னா அங்க கொஞ்சம் பணம் நிஜமாவே திரும்பி வந்துச்சு.

2009-ல ஜூமா அதிபர் ஆனாரு. குவாசூலு நட்டால் மாகாணத்துல என்கான்ட்லாங்கிற ஊர்ல அவருக்கு வீடு. அதிபர் வீட்டுக்குப் பாதுகாப்பு வேணும்னு பொதுப்பணித் துறை வேலையை ஆரம்பிச்சது. பில் ஏறிக்கிட்டே போயி, 24 கோடியே 60 லட்சம் ராண்ட் (அந்த நாட்டு நாணயம்) வரைக்கும் ஆகும்னு மதிப்பீடு வந்துச்சு. அங்க பப்ளிக் புரொட்டெக்டர்னு ஒரு பதவி இருக்கு. நம்ம லோக்பால் மாதிரின்னு வச்சுக்குங்க, ஆனா அரசியல் சட்டத்துலயே இடம் உள்ள பதவி. அதுல இருந்த துலி மடோன்செலா 2014 மார்ச்ல அறிக்கை கொடுத்தாங்க. நீச்சல் குளம், மாட்டுக் கொட்டகை, கோழிக் கூண்டு, விருந்தினர் மையம், திறந்தவெளி அரங்கம், இந்த அஞ்சும் பாதுகாப்புக் கணக்குல வராது, நியாயமான ஒரு பங்கை அதிபர் கட்டணும்னு சொன்னாங்க.

இங்கதான் சட்டச் சிக்கல். ஜூமா கையில யாரும் ரொக்கமா கொடுக்கல. பணம் போனது கான்ட்ராக்டருக்கு, கையெழுத்துப் போட்டது அதிகாரி, அனுபவிச்சது அதிபர் குடும்பம். அப்ப பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் யாரு?

அந்த நாட்டுல வசூல் சட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. 1999-ல வந்த பொது நிதி மேலாண்மைச் சட்டம் இருக்கு. அது துறைத் தலைமை அதிகாரியைப் பிடிக்கும். 1996-ல வந்த சிறப்புப் புலனாய்வுப் பிரிவுச் சட்டம் இருக்கு. அதை வச்சு வீட்டை வடிவமைச்ச ஆர்க்கிடெக்ட் மேல 15 கோடியே 50 லட்சம் ராண்ட் கேட்டு வழக்கே போட்டாங்க. 2018-ல தணிக்கைச் சட்டத்தைத் திருத்தினாங்க. நஷ்டத்தை மீட்க நடவடிக்கை எடுக்காத அதிகாரி மேல, 'இந்தப் பணத்துக்கு நீதான் பொறுப்பு'ன்னு ஆடிட்டர் ஜெனரல், அதாவது அரசுக் கணக்கைத் தணிக்கை பண்றவர், கடன் சான்றிதழே எழுதலாம். எல்லாம் சரி. ஆனா பாருங்க, எல்லாமே கையெழுத்துப் போட்டவரையும் வேலை செஞ்சவரையும்தான் தேடிப் போகுது. பலன் அடைஞ்ச தலைவர்கிட்ட நேரா போற சட்டம் இதுல எது?

அதனாலதான் அரசாங்கம் தைரியமா இருந்துச்சு. 2015-ல போலீஸ் மந்திரி ஒரு அறிக்கை கொண்டு வந்தாரு. அது நீச்சல் குளம் இல்ல, தீயணைக்கத் தண்ணி தேக்குற குளம்னாரு. தீயணைப்பு ஆட்கள் அதுலேர்ந்து தண்ணி அடிக்கிற வீடியோவையும் போட்டுக் காட்டினாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான். அதிபர் ஒரு பைசா கட்ட வேண்டாம்னு நாடாளுமன்றமும் ஏத்துக்கிச்சு.

எதிர்க்கட்சிங்க அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2016 மார்ச் 31-ம் தேதி தலைமை நீதிபதி மொகோயெங் மொகோயெங் தலைமையில ஏகமனதான தீர்ப்பு. அரசியல் சட்டத்தோட 182-வது பிரிவு பப்ளிக் புரொட்டெக்டருக்குத் தப்பைச் சரி பண்ண நடவடிக்கை சொல்ற அதிகாரம் கொடுத்திருக்கு. அது வெறும் ஆலோசனை இல்ல, கோர்ட்டுல ரத்து பண்ற வரைக்கும் கட்டுப்படுத்தும்னு சொல்லிட்டாங்க. நாடாளுமன்றத் தீர்மானமும் செல்லாது. தீர்ப்புல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. எவ்வளவு கட்டணும்னு முடிவு பண்ற வேலையை அதிபருக்குக் கீழ இருக்கற மந்திரிகிட்ட விடல. நிதித் துறை 60 நாள்ல கணக்குப் போடணும், அந்தக் கணக்கைக் கோர்ட்டே சரி பார்க்கும், அப்புறம் 45 நாள்ல அதிபர் சொந்தக் காசுல கட்டணும். கணக்கு 78 லட்சத்து 14 ஆயிரத்து 155 ராண்ட்னு வந்துச்சு. செப்டம்பர்ல கட்டினாரு.

இதுல இன்னொரு கூத்து. அந்தப் பணத்தை விபிஎஸ்னு ஒரு சின்ன வங்கியில கடன் வாங்கிக் கட்டினாரு. அந்த வங்கியை உள்ளேயே சுரண்டித் தின்னு 2018-ல திவாலாக்கிட்டாங்க. அப்புறம் வங்கிக்கு லிக்விடேட்டரா, அதாவது மிச்ச சொத்தை வசூல் பண்ணி வங்கியை மூட, வந்தவரு, கடன் பாக்கிக்காக ஜூமாவைத் துரத்த வேண்டியதாப் போச்சு.

புதுச் சட்டம் போடலாமேன்னு கேட்டீங்க. போடலாம். ஆனா சட்டம் போடுறது யாரு? தலைவரோட கட்சிக்காரங்கதானே. நம்ம உத்தராகண்ட்டைப் பாருங்க. முன்னாள் முதலமைச்சர்கள் குடியிருந்த அரசு பங்களாவுக்கு மார்க்கெட் வாடகை கட்டணும்னு 2019-ல ஹைகோர்ட் சொல்லிச்சு. உடனே மாநில அரசு சட்டம் கொண்டு வந்துச்சு, வசூலிக்கறதுக்கு இல்ல, தள்ளுபடி பண்றதுக்கு! 2020 ஜூன்ல அதையும் ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. அதனால என் அபிப்பிராயம், தனிச் சட்டத்தை விட, ஆளுங்கட்சி தொட முடியாத ஒரு அமைப்போட உத்தரவு கட்டுப்படுத்தணும், அதுதான் முக்கியம்.

அதே ஜூமாவோட வக்கீல் பீஸ் விஷயம் 2025 வரைக்கும் இழுத்துச்சு. அவரோட சொந்த ஊழல் வழக்குக்கு அரசு வருஷக்கணக்கா பீஸ் கட்டியிருக்கு. அரசு வழக்கறிஞர் சட்டப்படி அது தப்புன்னு 2018 டிசம்பர்ல பிரிட்டோரியா ஹைகோர்ட் சொல்லிச்சு, 2021-ல அப்பீலும் தள்ளுபடி. அப்புறமும் பணம் வரல. 2025 அக்டோபர்ல மறுபடியும் கோர்ட் உத்தரவு: வட்டி இல்லாமலே சுமார் 2 கோடியே 89 லட்சம் ராண்ட், 60 நாள்ல கட்டணும்னு. முதல் தீர்ப்புக்கும் இதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஏழு வருஷம்! அதனால சட்டம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. ஆனா யாராவது விடாம துரத்தணும்.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.